கோடு நீங்கிய வரி

கீரனூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமே கிடையாது. நடுரோட்டில் நின்று ஒருவர் தும்மினால் நாலு கடைக்காரர்கள் "நூறு வயசு" என்பார்கள். ஆனாலும் பத்திரமோ, பெட்டிஷனோ, பூப்பு நீராட்டு விழா அழைப்பிதழோ, கம்ப்யூட்டருக்குள் விழுந்து கை கால் ஒடிந்த ஃபைல் எதுவாக இருந்தாலும், "இளமதிக்குத் தூக்கிட்டுப் போ, பொழச்சுக்கும்" என்பதுதான் சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. திருச்சியிலிருந்து ஒருவர் தன் டாக்டர் பட்ட ஆராய்ச்சியை ஆம்புலன்சில் ஏற்றாத குறையாகக் கொண்டுவந்து, அட்மிட் செய்து, குணமாக்கிக் கூட்டிப்போனார்.

இளமதி கணினி மையம். அதற்கு டாக்டர், நர்ஸ், வார்டு ஆயா, பில் போடுகிறவர் எல்லாமே பொற்கொடி ஒருத்திதான்.

இத்தனை வாரமும் கூடவே வந்தவர்கள் ஜன்னலோரம் வசதியாக உட்காருங்கள். இந்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. பொற்கொடி கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகன் நிலவழகனை. ஆகவே மாமியார் சொர்ணவல்லி, அப்பா திருப்பதியின் உடன்பிறந்த அக்காள். பொற்கொடிக்கும் நிலவழகனுக்கும் இளமதி என்று ஒரு மகள் பிறந்தாள். கடைக்கும் அவள் பேரையே வைத்தார்கள். மூன்று வயது முடியுமுன் அவள் போய்விட்டாள்.

சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். இவர்கள் ஒரு டம்ளரைக்கூட விட்டெறியவில்லை. குழந்தை போன பிறகு டாக்டர் ஒருவர் வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே குறை இருக்கிறது, சொந்தத்தில் கட்டியதால் அது பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது, அடுத்ததற்கும் வரலாம் என்றார். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தால் இவளுக்கு அந்தப் படம். இவள் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அந்தப் படம். அவன் மீமிசலில் ஒரு மீன் கம்பெனியில் கொள்முதல் வேலைக்குப் போய்விட்டான். ஒரே மாவட்டத்துக்குள் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம். அதற்கு மேலே ஓடினால் கடல்.

இருவரும் சம்மதித்து விவாகரத்து மனு. நாளைக்குப் புதுக்கோட்டை கோர்ட்டில் தாக்கல். இன்று நிலவழகன் கையெழுத்துப் போட வருகிறான்.

வீட்டில் மகள் பேரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். கடையிலோ அந்தப் பேர்தான் நாள் பூராவும். "இளமதி இன்னிக்கு லேட்டா?" "இளமதில கலர் நல்லா வரும்." "இளமதி சாப்பிடப் போயிருச்சு போல, செத்த நில்லு." போன் அடித்தால், "இளமதிங்களா?" என்பார்கள். "ஆமாங்க, இளமதிதான், சொல்லுங்க" என்பாள் பொற்கொடி. முதல் ஆறு மாதம் அதைச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவுவாள். இப்போது முகம் கழுவுவதில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அன்று காலையே அப்பாவின் போக்கு சரியில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடிக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"சும்மா, புதுக்கோட்டை வரைக்கும்."

"பெட்டிஷன் வேலைதான் முடிஞ்சிருச்சே?"

"எனக்கு வேற வேலையே இருக்காதா? சாயந்தரம் கடையைச் சீக்கிரம் அடைச்சுட்டு வந்துரு. நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்க."

"எதுக்கு?"

"மனுசன் வீட்டுல நல்ல சேலை கட்ட காரணம் வேணுமாக்கும்?"

போன வாரம் இதே மனிதர் ஏணி போட்டு ஏறி, கடைப் போர்டை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "துரு ஏறியிருக்கான்னு பார்த்தேன்" என்றார். துருவை டேப் வைத்து அளக்கிற ஒரே மனிதர் இந்தியாவிலேயே திருப்பதிதான்.

கடையைத் திறந்ததும் வக்கீல் குமாஸ்தாவின் போன்.

"தாயி, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் மண்டையப் போட்டுருச்சு. ஒங்க பெட்டிஷன் மட்டும் போன்ல பிடிஎஃப்பா கெடந்துச்சு. நானே ஒரு ஆப்ல போட்டு வேர்டா மாத்திட்டேன். மாத்தினதுல லேசா கொசகொசன்னு ஆயிருச்சு."

"லேசாவா?"

"கொஞ்சம் பலமாத்தான். வேற யார்ட்டயாச்சும் குடுக்கலாம்னா, இந்தக் கண்றாவியச் சரி பண்ண ஒங்களை விட்டா ஆளு யாரு இருக்கா?"

"எம் பெட்டிஷனை நானே சரி பண்ணணுமாண்ணே?"

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "பண்ணி, ரெண்டு பேரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுருங்க தாயி. ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் தனியா நிக்கக் கூடாது. மேல ரெண்டு வரியாச்சும் இருக்கணும். இல்லேன்னா ஐயா எம் மேல விழுந்து பிடுங்குவாரு."

பழைய பிடிஎஃப்பைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஃபைல் வந்து இறங்கியது. திறந்தாள்.

அந்த ஃபைலின் அழகை எப்படிச் சொல்ல? புயல் அடித்த மறுநாள் வாழைத்தோப்பு அதைவிடச் சீராக இருக்கும். ஒரே பக்கத்தில் ஒன்பது விதமான எழுத்து. ஒரு வார்த்தை யானை, அடுத்த வார்த்தை கொசு. பாதி வாக்கியம் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் "பக்கம் 2" என்று ஒரு நம்பர் வந்து உட்கார்ந்திருக்கும், கல்யாணப் பந்தியில் யாரென்று தெரியாத ஆள் மாதிரி. பத்திகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்ததெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே நின்றது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து நடுவில் அனாதை. எங்கே பார்த்தாலும் கோடு: கட்டம் உடைந்த கோடு, ஓரத்தில் கோடு, எழுத்துக்குக் கீழே கோடு, குறுக்கே கோடு. இத்தனைக்கும் நடுவில் எங்கோ அவள் கல்யாணம் கிடந்தது.

பொற்கொடிக்கு இதற்கென்று ஒரு வழி உண்டு. ரிப்பேர் பார்க்கும்போது விஷயத்தைப் படிக்கவே மாட்டாள். யார் யாருக்குத் தோட்டத்தை எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்கு எதற்கு? வடிவத்தை மட்டும் பார்ப்பாள். இந்த மனுவையும் படிப்பதில்லை என்று காலையிலேயே சத்தியம் செய்துகொண்டாள்.

இரண்டாவது வழி: ஒன்றொன்றாகச் சரி செய்யக் கூடாது. முதலில் மொத்தத்தையும் தேர்வு செய்து, எல்லா அலங்காரத்தையும் ஒரே அமுக்கில் உரித்து எடுத்துவிட வேண்டும். தடிமன், சாய்வு, நிறம், கோடு எல்லாம் போய், எழுத்துகள் குளிப்பாட்டின பிள்ளை மாதிரி வெறும் உடம்போடு நிற்கும். அப்புறம்தான் சட்டை போட்டுவிட வேண்டும். அவளிடம் வேலை பழக வந்தவர்கள் எல்லாருக்கும் முதல் பாடம் இதுதான்.

உரித்தாள்.

பிறகு மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொன்னாள். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளிகள் புள்ளி புள்ளியாக வந்து நின்றன. அவள் அவற்றுக்கு வைத்த பேர் எறும்பு. ஒவ்வொரு வரி முடிவிலும் பத்திக் குறி. அதற்குப் பேர் கொக்கி. எறும்பு வரிசைகளைத் துரத்தினாள், வேண்டாத கொக்கிகளைக் கழற்றினாள், உடைந்த வரிகளை ஒன்றோடொன்று ஒட்டினாள். ஒன்று, ஒன்று, ஒன்றை ஒன்று, இரண்டு, மூன்று ஆக்கினாள். கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு ஆதார் ஜெராக்ஸ், ஒரு பயோடேட்டா, "ஏம்மா, பின்னு ஒண்ணு குத்திக் குடு" என்று வந்த ஒரு தாத்தா.

ஆறாவது பத்தியில் கை நின்றது.

இரண்டு வரிகள் ஒரே மாதிரி ஆரம்பித்தன. ஒரே வரி இரண்டு முறை விழுந்திருக்கிறதோ என்று வடிவத்தைப் பார்த்தாள். ஆரம்பம் ஒன்று, முடிவு வேறு. படிக்க வேண்டியதாயிற்று.

"மேற்படி தாம்பத்திய வாழ்க்கையின் மூலம் மனுதாரர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பின் உடல்நலக் குறைவால் இறந்துவிட்டது. மேற்படி தாம்பத்திய வாழ்க்கையின் மூலம் மனுதாரர்களுக்குக் குழந்தைகள் யாரும் இல்லை."

பிறந்து இறந்துவிட்டது. யாரும் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒன்றையொன்று தெரியாத மாதிரி.

குமாஸ்தா அனுப்பிய பழைய பிடிஎஃப்பைப் போனில் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அங்கே முதல் வரியின் மேலே தலையிலிருந்து கால் வரை மெல்லிசாக ஒரு கோடு. யாரோ எழுதியிருக்கிறார்கள். பிறகு அதை அடித்துவிட்டு, யாரும் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். இவள் எல்லா அலங்காரத்தையும் உரித்தபோது அந்தக் கோடும் கூடவே உரிந்து போய்விட்டது. அடித்துப் போட்ட வரி எழுந்து நின்றுவிட்டது.

பொற்கொடி எழுந்து போய் முகம் கழுவினாள்.

* * *

விவாகரத்துக்கு மனு எழுதிய மருமகளுக்குத் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு வரும் மாமியாரை யாராவது பார்த்ததுண்டா? குன்றாண்டார்கோவிலிலிருந்து பஸ் ஏறி வருவாள் சொர்ணவல்லி. அவள் குரல் பஸ்சுக்கு முன்னால் வந்துவிடும். அந்தக் குரல் கொஞ்சம் எட்டிப் போனால், கொடும்பாளூர் மூவர் கோவிலில் மிச்சம் நிற்கிற இரண்டும் ஆட்டம் கண்டுவிடும்.

"ஏத்தா கொடி! கண்டக்டர் பய சில்லறை இல்லைங்கிறான். நான் என்ன ரிசர்வ் பேங்கா வச்சிருக்கேன்? இந்தா, கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் போட்டிருக்கேன். ஒங்கப்பனுக்குக் குடுத்துராத, அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

"அத்தை, இங்க வாங்க."

"என்னத்தா, மூஞ்சி வீங்கிக் கெடக்கு?"

"இதைப் படிக்கிறேன், கேளுங்க."

படித்தாள். இரண்டாவது வரி முடிந்ததும் சொர்ணவல்லி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வாழ்நாளில் அவள் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

"யாரும் இல்லையாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எம் மடியிலயே கெடந்தாளே. அது பூனைக்குட்டியா?" அவள் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சின்னப் பிள்ளைன்னு கருமாதி வேணாம்னாங்க. சரின்னேன். படம் மாட்டக் கூடாதுன்னாங்க. சரின்னேன். கண்மாய்க் கரையில ஒரு கல்லுகூட வைக்கல. பேரைச் சொன்னா நீ அழுவேன்னு, வாயிலயே போட்டு மென்னு முழுங்குனேன். இப்ப காயிதத்துலயும் இல்லையா? எவன்டி எழுதினது?"

"தெரியல அத்தை. மச்சான் சொல்லாம வக்கீல் எழுத மாட்டாரு."

"எம் மகனா?"

"அவருதான் போயி எல்லாம் சொல்லி எழுதினது. நான் எங்க போனேன்? எங்க காட்டுறாங்களோ அங்க கையெழுத்துப் போடுறேன்னுதானே சொல்லியிருந்தேன்."

சொர்ணவல்லி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வரட்டும். பெத்த வயித்துல இருந்தே கேக்குறேன்."

* * *

நிலவழகன் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. மீமிசலிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததில், மூன்று பஸ்சிலும் அவனைச் சுற்றி நாலு சீட் காலியாகவே இருந்திருக்கும். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வருகிறவன் மாமனாருக்குப் பிடித்த ஊளி மீன் வாங்கி வருகிறான் என்றால், இந்தக் குடும்பத்தை எந்தக் கோர்ட் பிரிக்கும்?

இளைத்துப் போயிருந்தான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொள என்று நின்றது.

"நல்லாருக்கியா, கொடி?"

"உக்காருங்க மச்சான்."

"அம்மா, நீ எங்க இங்கிட்டு?"

"நான் எங்கிட்டு இருந்தா ஒனக்கென்ன? அங்க பாரு. அந்தப் பொட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாரு."

நிலவழகன் குனிந்து திரையைப் பார்த்தான். ஆறாவது பத்தி. பார்த்ததும் தெரிந்தது, இவனுக்குப் புதிதில்லை என்று. ஆனால் இரண்டு வரியும் நிற்பதைப் பார்த்து முகம் வெளுத்தது.

"இது... அடிச்சிருந்துச்சே."

"கோட்டை நான்தான் எடுத்தேன்," என்றாள் பொற்கொடி. "தெரியாமத்தான். சொல்லுங்க. எழுதினது யாரு?"

"நான்தான்."

"அடிச்சது?"

அவன் மீன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். அடியில் ஐஸ் உருகித் தரையில் சின்னதாக ஓடியது.

"அதுவும் நான்தான்."

"மச்சான்..."

"முதல்ல எழுதத்தான் சொன்னேன், கொடி. பேரும் சொன்னேன். இறந்த குழந்தைக்குப் பேரு தேவையில்லைன்னு குமாஸ்தா போடல. சரின்னுட்டேன். அப்புறம் மாமா போன் பண்ணினாரு."

"அப்பாவா?"

"அழுதாரு, கொடி. மாமா அழுது நான் கேட்டதே இல்ல. திருவெறும்பூர்ல ஒரு இடம் வந்திருக்காம். மாப்பிள்ளை மனைவியை இழந்தவராம். நல்ல குடும்பமாம். ஒனக்குக் குழந்தை ஏதும் பொறக்கலைன்னு மாமா அவங்ககிட்ட சொல்லியிருக்காராம். பெட்டிஷன்ல வேற மாதிரி இருந்து, அவங்க கேட்டு வாங்கிப் பார்த்துட்டா? குழந்தை எதனால போச்சுன்னு கேப்பாங்க, ரத்தத்துல குறைன்னு தெரியும், ஒன்னைய யாரும் கட்ட மாட்டாங்கன்னாரு. 'மாப்ள, ஒரே ஒரு வரி. அதை எடுத்துட்டா எம் மக பொழச்சுக்குவா'ன்னாரு."

வெளியே ஒருவர் வந்து "ஜெராக்ஸ்..." என்று ஆரம்பித்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

"ஒனக்கு ஒரு வாழ்க்கை வேணும்ல," என்றான் நிலவழகன். "நான்தான் குடுக்கல."

சொர்ணவல்லி எழுந்தாள்.

"அம்மா, எங்க போற?"

"எந் தம்பி வீட்டுக்கு."

"ஒங்களுக்குத்தான் பேச்சு இல்லையே அத்தை?"

"பேசறதில்லைன்னுதான் சபதம். வையறதில்லைன்னு எந்தச் சாமி முன்னாடியும் நான் சொல்லல." வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து, இரண்டு தட்டில் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். "சாப்பிட்டுட்டு எதுவா இருந்தாலும் பண்ணுங்க. வெறும் வயித்துல கையெழுத்துப் போடாதீங்க." அப்புறம் போனாள். அவள் நடந்த வேகத்துக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற இரண்டு ஸ்கூட்டர்கள் தானாக ஒதுங்கிக்கொண்டன.

* * *

சாப்பிட்டார்கள். அவன் தட்டில் கத்திரிக்காய் இல்லாததைப் பார்த்து அவள் தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது. அவனும் தின்ற பிறகுதான் நிமிர்ந்தான்.

கையைக் கழுவிவிட்டு அவள் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள்.

"மச்சான், நாம பிரியறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஒங்களைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டுது. ஒங்களுக்கும் அப்படித்தான்."

"ம்."

"ஆனா யாரும் இல்லைங்கிற காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். எவன் கட்டினாலும் சரி, கட்டாட்டியும் சரி."

"கோர்ட்டுல ஒன்னைய நிக்க வச்சுக் கேப்பாங்க, கொடி. எப்ப, எப்படின்னு."

"கேக்கட்டும். ஒருத்தராவது கேக்கட்டுமே."

இரண்டாவது வரியின் கடைசியில் போய் நின்றாள். பின்னோக்கி அழிக்கும் பட்டனை அமுக்கினாள். மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே அடியில் நீக்கியிருக்கலாம். அவளுக்குத் தெரியாத வித்தையா? ஒவ்வொரு எழுத்தாகத்தான் எடுத்தாள். 'இல்லை' போயிற்று. 'யாரும்' போயிற்று. குழந்தைகள் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றாள். அதையும் எடுத்தாள், வரி முழுவதும் போகும்வரை.

பிறகு முதல் வரியில், "ஒரு பெண் குழந்தை" என்பதற்கு முன்னால் இடம் விட்டு, "இளமதி என்ற" என்று அடித்தாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"மூணு வயசு முடியலன்னு போடு."

போட்டாள்.

"நல்லா பேசுவான்னு போட முடியாதா?"

"பெட்டிஷன்ல அதெல்லாம் போட மாட்டாங்க, மச்சான்."

"சும்மா கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஜெராக்ஸ் மெஷின்ல வெளிச்சம் ஓடினா கை தட்டுவா," என்றான்.

"தட்டுவா."

"எத்தனை காப்பி எடுத்தாலும் தட்டுவா. கை வலிக்கும்டின்னா கேக்க மாட்டா."

பொற்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எறும்புகள் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்து போயின. புறங்கையால் கண்ணைத் துடைத்ததும் மறுபடி தனித்தனியாக நின்றன.

அந்தச் சில வார்த்தைகள் கூடியதில் கீழே எல்லாம் ஒரு வரி இறங்கிவிட்டது. யாரும் இல்லை என்ற வரியை எடுத்ததும் நாலு பக்கத்தில் மட்டுமட்டாக அடங்கியிருந்த மனு, இப்போது மறுபடி ஐந்தாம் பக்கத்துக்கு ஓடியது. அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. மேலே "முதல் மனுதாரர்", அதற்குக் கீழே "இரண்டாம் மனுதாரர்". அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வெள்ளை.

"இது ஆகாது," என்றாள். "கையெழுத்து தனியா நிக்கக் கூடாதாம்."

"எழுத்தைச் சின்னதாக்கு."

"அவ பேரு சின்னதாயிரும்."

ஓரங்களைக் குறைத்துப் பார்த்தாள். இடைவெளியை இறுக்கிப் பார்த்தாள். எங்கே எதை இழுத்தாலும் ஒரு வரி மிச்சம் நின்றது. நாலு பக்கமும் மேலும் கீழும் ஏறி இறங்கி வந்தாள். கடைசியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மேலும் கீழுமாக இருந்த இரண்டு கையெழுத்து இடங்களையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தாள். இடது பக்கம் அவன், வலது பக்கம் அவள். ஒரு வரி மிச்சமானது. மனு நாலாம் பக்கத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ஒரு பிரதி பிரிண்டரில் எடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் போட்டு முடித்துப் பேனாவை அவளிடம் நீட்டினான். மை அவன் பக்கம் இன்னும் காயவில்லை. அவள் தன் கையால் கலைத்துவிடக் கூடாதே என்று மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டாள்.

பிறகு தங்களுக்கென்று ஒரு நகல் எடுக்க, கையெழுத்துப் போட்ட தாள்களை ஜெராக்ஸ் மெஷினில் வைத்தாள். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. மறுபடி ஓடியது. நாலு முறை.

யாரும் கை தட்டவில்லை.

பொற்கொடி மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். சூடான மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல். நிலவழகன் எழுந்து அவள் முதுகுவரை கையைக் கொண்டுபோனான். தொடலாமா என்று தெரியவில்லை. கை அங்கேயே அந்தரத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கடைப் போன் அடித்தது.

அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவளால் எடுக்க முடியாது. அவன் எடுத்தான்.

"இளமதிங்களா?"

அவன் இந்தக் கடையில் இந்தப் போனை எடுத்து எத்தனையோ காலமாயிற்று.

"ஆமாங்க. இளமதியோட அப்பா பேசுறேன்."

மெஷின் மேல் கவிழ்ந்திருந்த தோள்கள் குலுங்குவது நின்றது.

"அப்படிங்களா சார்? திருப்பதி ஐயாவோட நம்பர் எடுக்கல, அதான் கடை நம்பருக்கு அடிச்சேன். புதுக்கோட்டை ஃப்ளெக்ஸ் கடையில இருந்து பேசுறேங்க. ஐயா சொன்ன புதுப் போர்டு ரெடி. பழைய பேரை எடுத்துட்டு 'பொற்கொடி கணினி மையம்'னு போட்டாச்சு. சாயந்தரம் விருந்தாளிங்க வாராங்க, அதுக்குள்ள மாட்டிரணும்னு ஐயா காலைல நேர்லயே வந்து அவசரப்படுத்திட்டுப் போனாங்க. நம்ம ஆளுங்க வண்டியில கெளம்பிட்டாங்க. பழைய போர்டைக் கழட்டி என்ன பண்றது, எடைக்குப் போட்டுரலாங்களா?"

நிலவழகன் வாசலைப் பார்த்தான். உள்ளேயிருந்து பார்த்தால் போர்டின் முதுகுதான் தெரியும். தகரம், நாலு கம்பி, ஓரத்தில் ஒரு குருவிக் கூடு. அதைத் தூக்கி மாட்டியவன் அவன்தான். கீழே நின்று, "கோணலா இருக்கு மச்சான், இங்கிட்டுத் தூக்குங்க, அங்கிட்டு எறக்குங்க" என்று வேலை வாங்கியவள் இவள்தான். இவள் இடுப்பில் இருந்தவள் கீழேயிருந்து கை தட்டினாள்.

போனை வைத்தான்.

"யாரு மச்சான்?" நெற்றியில் மூடியின் விளிம்பு பதிந்த சிவப்போடு அவள் திரும்பினாள்.

"ராங் நம்பர்."

"இவ்வளவு நேரம் பேசினாங்க?"

"பேசுற ராங் நம்பர்."

கையெழுத்துப் போட்ட தாள்களை அவள் எடுத்து அடுக்கி, உறைக்குள் வைத்தாள். வேலை முடிந்துவிட்டது. இனி அவன் இங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. அது இருவருக்கும் தெரிந்தது.

"மீமிசல் போகணுமே, அறந்தாங்கி பஸ்சுக்கு நேரமாகலையா?"

"அடுத்ததுல போறேன்."

நிலவழகன் உள்ளேயிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், போர்டுக்கு நேர் கீழே போட்டான். அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

"அங்க எதுக்கு வெயில்ல?"

"சும்மாத்தான். காத்து வருது."

காற்றாவது ஒன்றாவது. இலைகூட அசையவில்லை. ரோட்டின் கோடியில், புதுக்கோட்டை பக்கமிருந்து ஒரு மினி வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் தலையில் ஓர் ஏணி கட்டியிருந்தது.